பில் வந்த பிறகு நீட்டிய கார்டு

மாமனார் பணி ஓய்வு பெற்ற அன்று இரவு குடும்பமாக ஆறு பேர் வெளியே சாப்பிடப் போனோம். உட்கார்ந்ததுமே சர்வர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார், "கார்டு, ஆஃபர் ஏதாவது இருக்கா சார்?" என் சட்டைப்பையில் 25 சதவீதத் தள்ளுபடி அட்டை இருந்தது. ஆனால் பக்கத்தில் மாமியார். மாப்பிள்ளை வைக்கிற விருந்தும் தள்ளுபடியில்தானா என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் "இல்லைங்க" என்றேன். எல்லாம் முடிந்து, பில்லும் சோம்பும் வந்தன. மற்றவர்கள் கை கழுவப் போன நேரம் பார்த்து அட்டையைப் பில்லோடு சேர்த்துச் சொருகிக் கொடுத்தேன். அட்டை திரும்பி வந்தது, கூடவே மேனேஜரும் வந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். பில் போட்டாச்சு, இனி கேன்சல் பண்ணித்தான் போடணும்." அதற்குள் மாமியார் கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹோட்டலில் தள்ளுபடி அட்டையால் வரும் வம்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. நாம் அன்று ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்போம். உண்மையில் அவர்களுக்கும் அது தலைவலிதான். நாம் ஆர்டர் சொல்லச் சொல்ல சர்வர் எழுதிக்கொண்டு போவது சமையலறைக்கான சீட்டு. அதில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், எடுக்கலாம். பில் அடித்துவிட்டால் அது வரிசை எண் ஏறிய ஜிஎஸ்டி ரசீது. அதை ரத்து செய்யும் அதிகாரம் பல கடைகளில் கேஷியருக்குக் கிடையாது. கல்லாவில் உட்காருகிறவர் பில்லை ரத்து செய்துவிட்டுப் பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, மேனேஜர் வந்து பாஸ்வேர்டு போட்டால்தான் கணினி வழிவிடும். ஜிஎஸ்டி சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. விற்கும் முன்போ விற்கும்போதோ கொடுத்து, ரசீதிலேயே காட்டிய தள்ளுபடியை நேரடியாகக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடலாம். பிறகு கொடுக்கிற தள்ளுபடிக்கு வேறு நிபந்தனைகள், வேறு காகிதங்கள்.

ஆகவே அட்டையைக் காட்ட வேண்டிய நேரம் மெனு கார்டு கைக்கு வரும் நேரம். ஞாயிறு இரவு போல கூட்டமான நாள் என்றால், மேசை பதிவு செய்யப் போன் போடும்போதே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. அட்டையை முதலிலேயே காட்டினால் கவனிப்பு குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். குறையவே குறையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு பேர் எழுந்து நிற்க, பில்லுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்த எனக்கு, அந்த ஆபத்து தேவலை என்று தோன்றுகிறது.

சரி, கடைசியில் பில்லை மாற்றித் தந்தார்கள். அந்தப் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில்தான் அடுத்த பாடம் இருந்தது. சாப்பிட்டது மொத்தம் 3,000 ரூபாய்க்கு. அதில் 25 சதவீதம் என்றால் 750 குறையும் என்று மனதுக்குள் கணக்கு போட்டிருந்தேன். பில்லில் குறைந்தது 450.

அட்டை செல்லுபடியானது தனித்தனியாக ஆர்டர் செய்த பண்டங்களுக்கு மட்டும். அவை 1,800 ரூபாய். மாமனாரும் மாமியாரும் சாப்பிட்ட இரண்டு தாலி, தலைக்கு 450 வீதம் 900 ரூபாய், கணக்கில் சேரவில்லை. தண்ணீர் பாட்டிலும் குளிர்பானமும் 120, அன்றைய ஸ்பெஷல் இனிப்பு 180, அவையும் இல்லை. மீதி 2,550. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். அதையும் தள்ளுபடிக்கு முந்தைய 3,000-க்குக் கணக்கிட்டு 300 ரூபாய் போட்டிருந்தார்கள். ஆக 2,850. அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 142 ரூபாய் 50 காசு. கட்டியது 2,992 ரூபாய் 50 காசு. அட்டையும் இல்லாமல், சேவைக் கட்டணமும் இல்லாமல் சாப்பிட்டிருந்தால் 3,150. கால் பங்கு தள்ளுபடி என்று போன இடத்தில் மிஞ்சியது 157 ரூபாய் 50 காசு.

அந்தச் சேவைக் கட்டணத்தை நான் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலைச் சரி என்றது. கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம். எடுத்திருந்தால் 2,677 ரூபாய் 50 காசோடு முடிந்திருக்கும். தள்ளுபடியில் கண்ணாக இருக்கும்போது அதற்குக் கீழே எழுதியிருப்பது கண்ணில் படுவதில்லை, அதுதான் சிக்கல்.

எந்தெந்தப் பண்டத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்பது கடைக்குக் கடை மாறும். பொதுவாக விழுவது பஃபே, மதியச் சாப்பாடு, காம்போ, பார்சல், பாட்டிலில் வருவது எல்லாம். மதுவும் பெரும்பாலும் வெளியேதான்; அதற்கு ஜிஎஸ்டியும் கிடையாது, மாநிலத்தின் வாட் வரி தனி. நாள்களில் டிசம்பர் 31, பிப்ரவரி 14, பண்டிகை விடுமுறைகள். அதாவது நாம் ஹோட்டலுக்குப் போக ஆசைப்படும் நாள்கள்.

அப்புறம், கட்டும் முறை. இப்போது அட்டை என்றால் பிளாஸ்டிக் அட்டை மட்டும் இல்லையே. கடை தானே கொடுப்பது ஒன்று, ஆப் சந்தா ஒன்று, வங்கியின் கிரெடிட் கார்டு சலுகை ஒன்று, நட்சத்திர ஹோட்டல் உறுப்பினர் அட்டை ஒன்று. ஆப் சலுகையில் பெரும்பாலும் பில் தொகையை அந்த ஆப்பின் வழியாகவே கட்ட வேண்டும். நமக்கோ கை தானாக மேசை மேல் இருக்கும் க்யூஆர் கோடுக்குப் போகிறது. கூகுள் பேயில் 'டிங்' என்று சத்தம் வந்த பிறகு, சலுகை போய்விட்டது. பழைய ஆப்பைத் திறந்து தேடுகிறவர்களும் உண்டு: ஜொமேட்டோவில் இருந்த உணவகச் சலுகைகள் 2024 இறுதியில் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி ஆப்புக்குப் போய்விட்டன, இதே மாதிரி உணவகச் சலுகைகள் தந்த டைன்அவுட்டை 2022-இல் ஸ்விக்கி வாங்கியது. சர்வர் நிற்கும்போது ஆப் டவுன்லோடு செய்யும் நிலைமை வேண்டாம் என்றால், கிளம்பும் முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

வங்கிச் சலுகையில் குழப்பம் வேறு மாதிரி. கேஷ்பேக் என்றால் பில் முழுத் தொகைக்குத்தான் வரும், ஜிஎஸ்டியும் முழுத் தொகைக்குத்தான். பணம் பிற்பாடு ஸ்டேட்மென்டில் வரும். அதை மேனேஜரிடம் கேட்டுச் சண்டை போடுவது வீண். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இன்னொன்று, இரண்டு சலுகை சேர்ந்து கிடைத்தால் 20-உம் 10-உம் 30 ஆகாது. 100 ரூபாயில் முதலில் 20 போய் 80, அதில் 10 சதவீதம் 8. மொத்தம் 28.

குறைந்தபட்ச பில் என்ற பொறியில் விழாதவர்கள் குறைவு. நண்பர்கள் நான்கு பேர் போன ஒரு நாள் பில் 1,640 வந்து நின்றது. 2,000 ரூபாயைத் தொட்டால் 20 சதவீதம் தள்ளுபடி என்று ஒருவன் கண்டுபிடித்தான். உடனே பன்னீர் டிக்கா ஒன்று, குலாப் ஜாமூன் இரண்டு, சரியாக 360 ரூபாய்க்கு. பிறகுதான் அடியில் 'அதிகபட்சம் ரூ.300' என்ற பொடி எழுத்து தெரிந்தது. 400 குறைய வேண்டியது 300-இல் நின்று, 1,700 கட்டினோம். 60 ரூபாய்க்கு 360 ரூபாய்ப் பண்டம் லாபம்தானே என்று அவன் இன்றும் வாதாடுகிறான். கணக்கு சரிதான். பன்னீர் டிக்காவை யார் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் கொட்டினார்கள் என்பதுதான் கணக்கில் வராதது.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதன் கதை சுவாரசியமானது. 2017 நவம்பரில் ஜொமேட்டோ கோல்டு என்ற சந்தாத் திட்டம் இந்தியாவில் வந்தபோது ஒரு உணவுக்கு ஒரு உணவு, இரண்டு பானத்துக்கு இரண்டு பானம் இலவசம். சந்தாப் பணம் நிறுவனத்துக்கு. இலவசச் சாப்பாட்டின் செலவு உணவகத்துக்கு. 2019 ஆகஸ்டில் இந்திய தேசிய உணவக சங்கம் 'லாக்அவுட்' என்று போராட்டம் தொடங்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் இப்படிப்பட்ட தள்ளுபடித் திட்டங்களிலிருந்து வெளியேறின. இது புதுச் சண்டையும் இல்லை. 1950-இல் நியூயார்க்கில், உணவகங்களில் காட்டிச் சாப்பிட என்றே டைனர்ஸ் கிளப் அட்டை வந்தபோதே, பில்லில் 7 சதவீதத்தை அவர்கள் கடைக்காரரிடம்தான் பிடித்தார்கள்.

அதனால் சலுகையை எழுதும்போது கடை தன் கையைக் கடிக்காதபடிதான் எழுதும். இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் விலை குறைந்த பண்டம். 320 ரூபாய் பிரியாணியும் 60 ரூபாய் பட்டர் நானும் சொன்னால், இலவசம் அந்தப் பட்டர் நான்தான். ஒரே விலையில் இரண்டு பிரதான பண்டங்களாகச் சொல்லிவிட்டு, ரொட்டியையும் சூப்பையும் தனியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு மேசைக்கு ஒரு கார்டுதானா என்பதையும் கேளுங்கள்; நாலு பேரும் நாலு கார்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

நட்சத்திர ஹோட்டல் அட்டைகளில் கணக்கு தலைகீழ். சிலவற்றில் ஒருவர் சாப்பாடு இலவசம் என்பதுதான் அடிப்படை. இரண்டு பேர் போனால் 50 சதவீதம், நான்கு பேருக்கு 25, பத்துப் பேருக்கு 10. கூட்டம் சேரச் சேரத் தள்ளுபடி தேயும். இது தெரியாமல் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த மாதிரி அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 8,000 ரூபாய் என்று வையுங்கள். 25 சதவீதக் கணக்கில் 32,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால்தான் போட்ட பணமே திரும்பும். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 இல்லை, 18 சதவீதம் என்பதும் அங்கே போய்த்தான் பலருக்குத் தெரிகிறது.

இந்த அட்டைகளைப் போனில் விற்பார்கள். "சார், உங்க பேர் செலக்ட் ஆகியிருக்கு" என்று ஆரம்பித்து, கிரெடிட் கார்டு எண், பின்பக்க மூன்று இலக்கம், ஓடிபி என்று போகும். உண்மையான ஹோட்டலாகவே இருந்தாலும் போனில் எதையும் சொல்லாதீர்கள். வேண்டுமானால் நேரில் போய் வாங்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. ஆப் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அனுப்புகிறார்கள். நாம்தான் அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிப்பதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் கடையில் மறுத்தால்? சத்தம் போடுவதற்கு முன் சலுகைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மேனேஜரிடம் காட்டுங்கள், மறுப்பதற்கான காரணத்தைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கேட்டதும் பாதி மறுப்புகள் கரைந்துவிடும். கரையாவிட்டால் பில்லைக் கட்டிவிட்டு அட்டை கொடுத்தவரிடம் புகார், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாசலில் நின்று சர்வரைத் திட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை. சலுகையை எழுதியவர் அவர் இல்லை.

டிப்ஸிலும் அவருக்குத்தான் அடி. 3,000 ரூபாய்ச் சாப்பாட்டைத் தூக்கி வந்து பரிமாறியவருக்கு, தள்ளுபடி போன தொகையைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள் பலர். அன்று நான் புதுப் பில்லை மூன்றாவது முறை கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் எழுந்து போய் அந்தச் சர்வரின் கையில் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை வைத்துவிட்டு வந்தார். 157 ரூபாய் 50 காசு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது மாமியார்தான் கேட்டார், "அந்தக் கார்டு எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமா மாப்பிள்ளை?"