கல்வியியலை இன்னொரு பாடத்தோடு சேர்த்துப் படிக்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

இரண்டு பாடங்களைச் சேர்த்துப் பட்டம் படிக்கிறவர்களிடம் "எது உங்கள் மெயின்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று கல்வியியலாக இருந்தால், பெரும்பாலும் மற்றதைத்தான் சொல்வார்கள். கணிதம் மெயின், கல்வியியல் கூடவே வந்தது. அது சுலபம், மார்க் வாங்கலாம், நாளைக்கு வேலைக்கும் ஆகும் என்பது எண்ணம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வரலாற்றோடு கல்வியியலை எடுத்தேன். என் முதல் கல்வியியல் கட்டுரை திரும்பி வந்தபோது, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி: "இது உங்கள் அபிப்பிராயம். ஆதாரம் எங்கே?" வரலாற்றுக் கட்டுரையில் ஆதாரமில்லாமல் ஒரு பத்தி எழுத எனக்குக் கை வந்திருக்காது. கல்வியைப் பற்றி எழுதும்போது மட்டும் அது தேவை என்றே தோன்றவில்லை. நான்தான் பள்ளியில் படித்தவனாயிற்றே!

அங்கேதான் சிக்கல். பள்ளி எல்லோருக்கும் தெரிந்த இடம். சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஒரு கணக்குப் போட்டார்: பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார். வேறு எந்தத் தொழிலையும் நாம் இவ்வளவு நேரம் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை. ஆனால் பார்த்தது பெஞ்சில் உட்கார்ந்து. ஆசிரியர் ஏன் அந்தக் கணக்கை முதலில் எடுத்தார், ஏன் அந்தப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதெல்லாம் பெஞ்சிலிருந்து தெரியாது. ஆகவே "எங்கள் பள்ளியில் இப்படித்தான்" என்று கட்டுரையைத் தொடங்கலாம், தப்பில்லை. அதையே முடிவாகவும் வைத்தால்தான் மார்க் போகும்.

இன்னொரு குழப்பம், மார்க்கைவிடப் பெரியது, வேலை பற்றியது. கல்வியியல் படிப்பதும் ஆசிரியர் பயிற்சி பெறுவதும் ஒன்றல்ல. முன்னதில் கல்வியை ஆராய்கிறோம்: பள்ளி ஏன் இப்படி இருக்கிறது, யாருக்கு அது நன்றாக வேலை செய்கிறது, குழந்தை எப்படிக் கற்கிறது. பின்னது தொழிற்பயிற்சி. இங்கிலாந்தில் கல்வியியலை ஒரு பாதியாகக் கொண்ட பட்டம், அதன் பெயரிலேயே "கியூடிஎஸ் உடன்" (அரசு ஏற்கும் ஆசிரியர் தகுதியுடன்) என்று இருந்தால் ஒழிய, ஆசிரியர் தகுதியைத் தராது. பட்டத்துக்குப் பிறகு படிக்கும் பிஜிசிஇ போன்ற ஆசிரியர் பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும். இந்தியாவின் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.ஏ.பி.எட்., பி.எஸ்சி.பி.எட். படிப்புகளில் பி.எட். உள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆனால் சாதாரண பி.ஏ.வில் ஒரு பாடமாக வரும் கல்வியியல் பி.எட்.டுக்கு ஈடாகாது. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் மூன்றாம் ஆண்டில்தான் சிலருக்கு இது தெரிய வருகிறது.

மற்றப் பாடத்தின் பக்கமும் இதே சங்கடம் உண்டு. நாளைக்கு இயற்பியல் ஆசிரியர் ஆக வேண்டுமானால், பட்டத்தில் இயற்பியல் எவ்வளவு இருந்தது என்று பயிற்சிக்குச் சேர்க்கும் இடத்தில் கேட்பார்கள். பாதியாவது வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு. விருப்பப் பாடங்களை எல்லாம் கல்வியியல் பக்கமே எடுத்துவிட்டு அங்கே போய் நின்றால் கஷ்டம். இதை விசாரிக்க வேண்டிய நேரம், இரண்டாம் ஆண்டுப் பாடத்தேர்வுப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பு.

சரி, உள்ளே வருவோம்.

கல்வியியல் அளவுக்குப் பொய்யான மேற்கோள்கள் உலவும் துறை வேறு எதுவும் உண்டா என்று எனக்குச் சந்தேகம். "படித்ததில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்டதில் 20 சதவீதம், செய்ததில் 90 சதவீதம்" என்ற முக்கோணப் படத்தை எத்தனை பவர்பாயின்ட்டில் பார்த்திருப்பீர்கள்! அதன் கீழே அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் பெயர் இருக்கும். 1946-இல் டேல் ஒரு கூம்பு வரைந்தது உண்மை. அதில் சதவீதம் ஒன்றுகூடக் கிடையாது. யாரோ பிற்பாடு ஒட்டியது. மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும், உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடும் இதே கதைதான். அவருடைய 1943 கட்டுரையில் தேவைகளின் வரிசை இருக்கிறது, பிரமிடு இல்லை. "சாரக்கட்டு" என்ற கருத்தை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் பெயரில் எழுதாத முதலாண்டு மாணவர் அபூர்வம். கற்பவருக்குத் தரும் உதவியை அந்தச் சொல்லால் குறித்தவர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர், 1976-இல். வைகாட்ஸ்கி 1934-லேயே இறந்துவிட்டார். பிறகு "நான் பார்த்துக் கற்பவன், நீ கேட்டுக் கற்பவள்" என்கிற கற்றல் பாணிகள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாணியில் சொல்லிக் கொடுத்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் அலசி எழுதிவிட்டார்கள். இன்றும் அசைன்மென்ட்டுகளில் அது உயிரோடு இருக்கிறது.

மூலக் கட்டுரையை எடுத்து ஒரு தடவை புரட்டுவதுதான் இதற்கு வழி. இருபது நிமிட வேலை. வரலாறு படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான காரியம், ஆனால் அந்தப் பழக்கத்தைக் கல்வியியல் வகுப்புக்கு வரும்போது வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படி ஒரு பாடத்தின் பழக்கத்தை இன்னொன்றுக்கு எடுத்துப் போகாததுதான், என்னைக் கேட்டால், இந்தப் பட்டத்தில் நடக்கும் மிகப் பெரிய நஷ்டம். இரண்டு பாடங்களை இரண்டு அலமாரிகளில் பூட்டி வைத்துக்கொண்டு பட்டம் வாங்கிவிடலாம், பலர் வாங்குகிறார்கள். அதற்கு இரண்டையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டியதே இல்லை.

கணிதத்தோடு எடுத்தவர் இதைப் பார்க்கட்டும். 0.35 பெரியதா, 0.8 பெரியதா என்று கேட்டால், 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கணிதம் மட்டும் தெரிந்தவருக்கு அது தப்பு, அவ்வளவுதான். 35 என்பது 8-ஐவிடப் பெரியது என்ற, முழு எண்களில் சரியாக வேலை செய்த ஒரு விதியைப் பிள்ளை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறோர் அறிவு வேண்டும். பாடத்தை அறிவதற்கும் பொதுவாகக் கற்பிக்கத் தெரிவதற்கும் நடுவே, இந்தப் பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே ஓர் அறிவு இருக்கிறது என்று கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் பெயர் சூட்டிப் பேசியது இதைத்தான். இயற்பியலில், மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் மேல்நோக்கி ஒரு விசை இருக்கிறது என்று தவறாக நம்புகிறவர்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள். இரண்டு துறையும் கையில் இருக்கிறவருக்கு இதுவே ஒரு ஆய்வேட்டுத் தலைப்பு.

பொருளியலோ புள்ளியியலோ எடுத்தவருக்கு வகுப்பின் அளவு நல்ல தீனி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ஒரு சோதனையில், சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் பிரித்துப் போட்டார்கள். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். கலிஃபோர்னியா இதைப் பார்த்து 1996-இல் தொடக்க வகுப்புகளை 20 பேருக்குக் குறைத்தது. ஒரேயடியாக ஏராளமான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களையும் எடுக்க வேண்டியதாயிற்று, டென்னசியில் தெரிந்த தெளிவான பலன் அங்கே தெரியவில்லை. குலுக்கல் ஏன் முக்கியம் என்பதைப் புள்ளியியல் சொல்லும், தகுதியான ஆசிரியர்கள் ஏன் போதவில்லை என்பதைப் பொருளியல் சொல்லும். பதினைந்து பேர் மட்டும் இருந்தால் ஆசிரியர் எதை மாற்றிச் செய்வார், மாற்றிச் செய்வாரா என்று கேட்பது கல்வியியல்.

உளவியல்காரர்களுக்கு ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு. "இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு முன்னேறுவார்கள்" என்று சும்மா குலுக்கிப் போட்டு எடுத்த பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே முன்னேறினார்கள் என்றது ஆய்வு. எதிர்பார்ப்பே பிள்ளையை உயர்த்தும் என்று ஊரெல்லாம் பேச்சு. தெளிவான பலன் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில்தான் என்பதும், அளவீட்டு முறையை உளவியலாளர் ராபர்ட் தார்ண்டைக் அப்போதே கடுமையாக விமர்சித்தார் என்பதும் கட்டுரைகளில் அதிகம் வருவதில்லை. உளவியல் படித்தவர் அதைக் கொண்டுவர வேண்டும்.

கல்வியியல் ஓர் ஒட்டுப் பாடம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சமூகவியலின் முன்னோடி எமில் துர்கைம் 1887-இல் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தது சமூக அறிவியலையும் கற்பித்தலியலையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க. தத்துவவாதி ஜான் டூயி 1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றது தத்துவம், உளவியல், கற்பித்தலியல் மூன்றுக்கும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயின் டாக்டர் பட்டமோ நத்தையினங்களைப் பற்றியது!

எழுதும் முறையில் வரும் தடுமாற்றம் சின்ன விஷயம், ஆனால் மார்க்கைத் தின்னும். வரலாற்றில் அடிக்குறிப்பு போடுவோம், கல்வியியலில் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும். அறிவியல் அறிக்கையில் "நான்" வரக் கூடாது, வகுப்பறை அனுபவத்தை அலசும் எழுத்தில் "நான்" இல்லாவிட்டால் எழுதவே முடியாது. இரண்டு துறையின் வழிகாட்டிப் பக்கங்களையும் துறைக்கொரு தாளாக எடுத்து மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தேதிகளையும் நீங்களேதான் ஒரே காலண்டரில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு கெடு வைப்பதில்லை.

கடைசியாக ஆய்வேடு. "பள்ளிக்குப் போய் முப்பது பிள்ளைகளிடம் பேட்டி எடுக்கிறேன்" என்று தலைப்புக் கொடுப்பது எளிது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பேச, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும், அதற்கப்புறம் பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். இவையெல்லாம் கைக்கு வரும் நேரத்தில் பள்ளியில் தேர்வு தொடங்கியிருக்கும். மற்றப் பாடத்தின் ஆசிரியர்கள் இதை எச்சரிக்க மாட்டார்கள், அவர்கள் துறையில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளைச் சந்திக்காமலும் நல்ல ஆய்வு செய்யலாம்: பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், கொள்கை ஆவணங்கள், பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு 2000 முதல் நடந்துவரும் பீசா தேர்வின் பொதுத் தரவுகள் என்று நிறைய இருக்கிறது. என்னுடையதும் நான்கு பள்ளிகளில் பேட்டி என்று தொடங்கி, ஒரே வரலாற்றுப் பாடநூலின் மூன்று பதிப்புகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிடுவதில் முடிந்தது. அந்த முறை ஓரத்தில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை.