தாணே கழியோரம் அலையாத்தி இனங்களைக் கணக்கெடுக்கும் முறை

மும்பையின் தாராவி, மாட்டுங்கா பகுதிகளிலிருந்து, தாணே கழிக்கரையிலுள்ள ஐரோலிக்குச் செல்லும் நம் தமிழ் மாணவர்கள், 2022-இல் ராம்சர் தகுதி (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற இந்தச் சேற்றுநிலத்தில் இறங்குமுன் வனத்துறையின் அனுமதியையும் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதநேரப் பட்டியலையும் கையில் வைத்திருக்க வேண்டும். நீர் வற்றத் தொடங்கியதும், நீரோரத்திலிருந்து மேட்டை நோக்கிக் கயிறு கட்டி, அதன் நெடுகப் பத்து மீட்டர் சதுரங்களை அளந்துகொள்ளுங்கள். ஓதம் ஏறும் உயரத்துக்கு ஏற்ப இனங்கள் மாறுவதால், கரைக்கு இணையாகக் கட்டினால் சில இனங்கள் கணக்கில் வராமலே போகும்.

அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. வெண்கண்டலின் இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெளுத்திருக்கும், வெயிலில் உப்புத்துகள் மின்னும், காலடியில் பென்சில் போன்ற மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். கழுதைமுள்ளியின் இலை விளிம்பில் முள் உண்டு. தில்லை எதிர்ப்பட்டால், சிதம்பரத்தின் தலமரம்தானே என்று இலையைக் கிள்ளாதீர்கள். அதன் பால் கண்ணுக்குக் கேடு.

மரத்தின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் எடுங்கள். தண்டிலிருந்து இறங்கித் தாங்கும் முட்டுவேர்கள் உள்ள சுரபுன்னைக்கு மட்டும், அவற்றுள் மிக மேலே உள்ள வேரிலிருந்து 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். நாற்றுகளை மிதிக்காமல், ஒரு மீட்டர் சதுரத்தில் தனியாக எண்ணுங்கள். நாற்று இல்லாத காடு எவ்வளவு அடர்ந்திருந்தாலும் எனக்குக் கவலையே தரும். வெண்கண்டல் ஒன்றே மிகுந்த இடத்தில் இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு குறைவாகவே வரும். அதற்காக அக்காட்டை மதிப்பற்றதென்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.