உலர்ந்த பாஸ்தா: கப் கணக்கைக் கிராமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்தல் அளவையிலிருந்து நிறுத்தல் அளவைக்கு மாறும்போது, உலர்ந்த பாஸ்தாவைப் போல ஆளை ஏமாற்றும் பொருள் சமையலறையில் அதிகம் இல்லை. துண்டுகளுக்கு இடையிலும் குழல்களுக்கு உள்ளேயும் தங்கும் காற்றையும் சேர்த்தே கப்பில் அளக்கிறோம். அந்தக் காற்றின் பங்கோ வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது.

ஆகவே, ‘ஒரு கப் என்றால் நூறு கிராம்’ என்று எல்லா வகைக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அமெரிக்கப் பொட்டலங்களில் ஒருவருக்கான அளவாகக் குறிக்கப்படும் 2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 56 கிராம், சிறிய வளைந்த மக்ரோனியில் அரை கப்பிலேயே அடங்கிவிடும். சாய்வாக வெட்டிய குழல் வடிவப் பாஸ்தாவான பென்னேயில் அதற்கு முக்கால் கப் வரை வேண்டும். அகலமான முட்டை நூடுல்ஸில் ஒரு கப்பையும் தாண்டும். மக்ரோனிக்காக எழுதப்பட்ட குறிப்பில் அதே கப் கணக்கில் பென்னேயைப் போட்டால், பாஸ்தா கால் பங்குக்கு மேல் குறைந்து, சாஸ் குழம்பைப் போலத் தளும்பி நிற்கும்.

அடுத்தது அவுன்ஸ் தரும் குழப்பம். எடையைக் குறிக்கும் அவுன்ஸ் 28.35 கிராம், கொள்ளளவைக் குறிக்கும் அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி லிட்டர். எட்டுத் திரவ அவுன்ஸ் ஒரு கப் என்பதை நினைவில் கொண்டு, ‘8 அவுன்ஸ் பாஸ்தா’ என்பதையும் ஒரு கப் என்று படித்துவிடுகிறோம். உண்மையில் அது 227 கிராம்: மக்ரோனியானால் இரண்டு கப், பென்னேயானால் கிட்டத்தட்ட மூன்று கப்.

கப்பும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியக் கப் 250. மின்சார அரிசிக் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180தான். தலைதட்டி அளந்தாலும் பெரிய துண்டுகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால், ஒரே கையால் இருமுறை அளந்தாலும் எடை ஒத்துவராது.

குறிப்பில் உள்ள எடை வேகவைப்பதற்கு முந்தையதா, பிந்தையதா என்று பாராமல் விடுவது இவற்றைவிடப் பெரிய பிழை. அமெரிக்க உணவு லேபிள் விதிகள் 55 கிராம் உலர்ந்த பாஸ்தாவுக்கு ஈடாக 140 கிராம் வெந்த பாஸ்தாவைக் கொள்கின்றன. இரண்டையும் மாற்றிப் படித்தால் இரண்டரை மடங்கு தவறிப்போகும்.

ஸ்பாகெட்டியை உடைத்துக் கப்பில் திணிக்க வேண்டியதில்லை. துளையுள்ள அளவுப் பலகையோ விரல் வளையமோ கொண்டு அளப்பவர்கள், இருவருக்காக வட்டத்தின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், நால்வருக்கான கட்டு கைக்கு வந்துவிடும். தராசு இல்லாத வீட்டில், 500 கிராம் பொட்டலத்தை மேசையில் கொட்டி ஐந்து சம கட்டுகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிராம். எந்தக் கப்பையும்விட இது நம்பகமானது.