வல்லரசுகள் சொல்லும் கதைகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிரச்சாரம் என்றாலே பொய் என்று நினைத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் வரும் முதல் தவறு. செய்தியில் பொய் இருக்கிறதா என்று தேடுகிறோம், அகப்படவில்லை என்றால் சரி, உண்மைதான் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பொய் என்றைக்காவது வெளியே வந்துவிடும், அது அரசுகளுக்கும் தெரியும். அதைவிட எளிய வழி, உண்மையாகவே நடந்த பத்து விஷயங்களில் இரண்டை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பக் காட்டுவது. இன்னும் எளிய வழி, சொல்லைத் தேர்ந்தெடுப்பது. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் படை நுழைந்தபோது ரஷ்யா அதற்கு வைத்த பெயர் "சிறப்பு ராணுவ நடவடிக்கை". ராணுவத்தைப் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று மார்ச்சில் சட்டமே வந்தது. அதற்குப் பிறகு அதைப் போர் என்று எழுதவே அங்கே பத்திரிகைகள் அஞ்சின. 2001-க்குப் பிறகு கைதிகளை மூச்சுத்திணற வைத்த சித்திரவதைக்கு அமெரிக்கா கொடுத்த பெயர் "மேம்பட்ட விசாரணை முறைகள்". அங்கே சட்டம் போட்டு யாரையும் மிரட்டவில்லை, ஆனாலும் பல பெரிய பத்திரிகைகள் சித்திரவதை என்ற சொல்லைப் பல ஆண்டுகள் தயங்கித்தான் தொட்டன. அந்தச் சொற்களை அப்படியே வாங்கிப் பேச ஆரம்பித்தால், வாதம் தொடங்குவதற்கு முன்பே பாதியை விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

அடுத்தது, கண்ணீரைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், மனித உரிமைக்கான அமெரிக்க எம்.பி.க்கள் குழு ஒன்றின் முன்னால் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதபடி பேசினாள். குவைத் மருத்துவமனையில் இராக் வீரர்கள் இன்குபேட்டர்களிலிருந்து குழந்தைகளைத் தூக்கித் தரையில் போட்டுச் சாகவிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அதிபர் புஷ் அந்தக் கதையைப் பல முறை எடுத்துச் சொன்னார். போருக்கு அனுமதி கேட்ட தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்று நிறைவேறியது, அந்த விவாதத்திலும் இந்தக் கதை வந்தது. போர் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில்தான் அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது வெளியானது. குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்புக்காக ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம்தான் அவளைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தது. அந்த இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் பிறகும் கிடைக்கவே இல்லை. இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: இராக் படை குவைத்தில் செய்த கொடுமைகள் நிஜமானவை, கொலையும் சித்திரவதையும் நடந்தன. அந்த நிஜமே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அழுகிற ஒருவரைப் பார்த்து இவர் யார், இவரை இங்கே அழைத்து வந்தது யார் என்று கேட்பது கல்நெஞ்சம் இல்லை, அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பத்து இடத்தில் வந்தால் பத்து சாட்சி என்று எண்ணுவது இன்னொரு தவறு. பத்துக் குடத்தில் மொண்டாலும் கிணறு ஒன்றாக இருக்கலாம். 2002 செப்டம்பர் 8 அன்று, அணுகுண்டுத் தயாரிப்புக்காக இராக் அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றதாக நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுதியது, தகவல் தந்தவர்கள் அரசு அதிகாரிகள். அதே நாள் காலையில் துணை அதிபர் டிக் செய்னி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்று அதையே மேற்கோள் காட்டினார். அரசு சொன்னதைப் பத்திரிகை எழுதியது, பத்திரிகை எழுதியதை அரசு ஆதாரமாக்கியது, பார்த்தவர்களுக்கு அது இரண்டு தனித்தனி குரல்களாகக் கேட்டது. அப்புறம் 2003-ல் போர் வந்தது, பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை, 2004 மே மாதம் அந்தப் பத்திரிகை தன் செய்திகள் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அதனால் ஒரு செய்தியை நம்புவதற்கு முன் அது முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பெயர் சொல்லாத ஒரே அதிகாரியிடம்தான் பல சமயம் போய் நிற்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவர்கள் விழும் குழி வேறு. அமெரிக்கா பொய் சொன்னது, ஆகவே அதன் எதிரி சொல்வது உண்மை என்று போய்விடுகிறார்கள். 1964-ல் வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள்மீது நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை, அதை வைத்துத்தான் வியட்நாம் போருக்கான தீர்மானம் நிறைவேறியது. அப்படிப்பட்ட அரசு எதையும் செய்யும் என்று நினைத்தவர்களிடம்தான் சோவியத் உளவுத்துறையின் கதை எளிதாக ஒட்டிக்கொண்டது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது என்ற அந்தக் கதை 1983-ல் டெல்லியின் 'பேட்ரியாட்' நாளிதழில் பெயரில்லாக் கடிதமாக முதலில் வந்தது, 1985-ல் மாஸ்கோ பத்திரிகை அதை இந்தியச் செய்தி என்று சுட்டிக்காட்டி எழுதியது, பிறகு ஏராளமான நாடுகளுக்குப் பரவியது. இதிலும் அதே கிணறு, அதே குடங்கள்.

ஒரு வல்லரசு எப்போதும் ஒரே பக்கம்தான் பேசும் என்றும் எண்ண வேண்டாம். 2016 மே மாதம் ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் எதிரெதிராக இரண்டு கூட்டங்கள் திரண்டன, இரண்டு பக்கத்தையும் கூட்டிய ஃபேஸ்புக் பக்கங்களை நடத்தியது ரஷ்யாவிலிருந்து இயங்கிய ஒரே நிறுவனம்.

இருப்பதிலேயே மோசமான தவறு எதையுமே நம்பாமல் இருப்பது, அதை விவேகம் என்று நினைப்பது. முதல் உலகப்போரில், 1917-ல், ஜெர்மானியர்கள் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. அது பொய் என்று 1925-ல் பிரிட்டன் அரசு நாடாளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டது. மக்கள் மறக்கவில்லை, அதிகாரிகளும் மறக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில், 1943 ஆகஸ்டில், ஜெர்மனி பிடித்திருந்த போலந்தில் நச்சுவாயு அறைகளில் மக்கள் கொல்லப்படுகிறார்கள் என்று அறிக்கை ஒன்றில் எழுத இருந்தபோது, பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் அந்தப் பழைய பிணக் கதையை நினைவுபடுத்தி, இதற்கும் ஆதாரம் போதாது என்று குறிப்பு எழுதினார். நச்சுவாயு அறைகளைப் பற்றிய வரி நீக்கப்பட்டு அறிக்கை வெளியானது. அந்த மாதமும் போலந்தின் அவுஷ்விட்ஸ் நாஜி கொலை முகாமில் அந்த அறைகள் இயங்கிக்கொண்டிருந்தன.