அப்பாவின் வீட்டுக் கடனை நான் கட்ட வேண்டுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே வங்கியிலிருந்து போன்: "பாண்ட் (வீட்டுக் கடன்) தவணையை இனி நீங்கள் கட்டுவீர்களா?" பதறிப்போய்ச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தக் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தின் பொறுப்பு. நீங்கள் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திடாதவரை உங்கள் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஆனால் வட்டி ஓடும், வீடும் அடமானத்தில்தான் இருக்கும்.

அவர் இறந்த 14 நாட்களுக்குள், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் மரணத்தைத் தெரிவியுங்கள். அப்புறம் பழைய பிஸ்கட் டின்னைக் கொட்டித் தேடுங்கள். கடனோடு எடுத்த ஆயுள் காப்பீடு இருக்கலாம். அப்பாவுடையது மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே நான்காய் மடித்துக் கிடந்தது. காப்பீடு இல்லையா? வங்கி சம்மதித்தால் கடனை உங்கள் பெயரில் ஏற்று வீட்டை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விற்று, கடன் போக மீதி வாரிசுகளுக்கு.