மெயினை அணைத்தாலும் நிற்காத இரைச்சல்

ராத்திரி ரேடியோவில் 882 கிலோஹெர்ட்ஸில் இலங்கையின் புத்தளம் நிலையம் கேட்கும் இடத்தில் வெறும் கரகரப்பு. மீடியம் வேவ் முழுக்க இதே கதை, எஃப்எம்மில் ஒன்றுமில்லை.

எல்இடி பல்புகள், டிவி அடாப்டர், சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றினேன். அப்புறம் மெயினையே அணைத்தேன். பேட்டரி ரேடியோவில் சத்தம் அப்படியே! வெளியே தெரு டிரான்ஸ்ஃபார்மர்தான் என்று ரேடியோவோடு அதன் அடிவரை போனேன். வாசலைத் தாண்டியதுமே சத்தம் தேய்ந்துவிட்டது. ஆக, வீட்டுக்குள்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று இருந்தது. இரைச்சல் சீராக இல்லை. டயலைத் திருப்பினால் ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை உச்சம். நம் பக்கத்து நிலையங்கள் 9-இன் மடங்குகளில் அசையாமல் நிற்கும். இந்த உச்சங்களோ மெல்ல நகர்ந்தன. மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்சிங் சப்ளையின் கைரேகை இது.

ரேடியோவுக்குள் மீடியம் வேவ் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை மூலத்தை நோக்கும்போது ஒலி மங்கும். ஹாலிலிருந்தும் படுக்கையறையிலிருந்தும் பார்த்தேன். குச்சி காட்டிய இரண்டு திசைக்கோடும் வைஃபை ரூட்டர் அலமாரியில் வெட்டின.

அங்கே ரூட்டருக்கான சின்ன யுபிஎஸ். உள்ளே பேட்டரி இருப்பதால் மெயின் போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்; பேட்டரி மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாக உயர்த்தும் சர்க்யூட்தான் இரைச்சல் போட்டது. அதிலிருந்து ரூட்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கியதும் நிசப்தம்.

அந்த ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்த்தேன், பாதிதான் குறைந்தது. கடைசியில் சுவிட்சிங் இல்லாமல், இரும்பு கோர் டிரான்ஸ்ஃபார்மரும் சீராக 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டரும் வைத்து ரூட்டருக்குத் தனி சப்ளை செய்துவிட்டேன். ரெகுலேட்டர் நன்றாகச் சுடும், ஹீட்சிங்க் கட்டாயம். கரண்ட் போனால் இணையம் போகும், போகட்டும். புத்தளம் வந்துவிட்டது.