காஸ் அடிக்கச் சொல்வதற்கு முன்: கார் ஏசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏசி குளிரவில்லை என்றதும் கொழும்பில் வாய்க்கு முதலில் வருவது, "காஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சுப் பாப்பம்." பெற்றோல் மாதிரி ஏசி காஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ்கள் வழியே வருடத்துக்குக் கொஞ்சம் கசிவது வழமை. சட்டென்று குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அதைத் தேடாமல் அடிக்கும் காஸும் அதே வழியால்தான் வெளியேறும்.

பல நேரங்களில் காஸில் குறையே இருக்காது. ஏசி எப்போது சூடாகிறது என்று கவனிக்காமல் கராஜுக்குப் போவதுதான் முதல் தவறு. காலி வீதியில் ஓடும்போது குளிர்ந்து, பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றதும் சூடாகிறதென்றால், முன்னால், காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறியைப் பாருங்கள். ஓட்டத்தில் காற்று தானாகவே கண்டென்சருக்குள் புகும். நின்றால் விசிறிதான் இழுக்க வேண்டும். அது சுற்றாவிட்டால் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச், காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரை நிறுத்திவிடும். மாறாக, முதல் அரை மணிநேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, ஏசியைக் கொஞ்சம் நிறுத்திவைத்தால் சரியாகிறதா? உள்ளே கூலிங் கொயிலில் பனி கட்டுகிறது. கெபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது கொயில் வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் பழுதாகியிருக்கலாம். ஃபில்டர் பெரும்பாலான ஜப்பான் கார்களில் இடது பக்க டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கையாலேயே கழற்றலாம். நம்மூர்த் தூசிக்கு 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

உள்ளே காற்றை ஊதும் புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் வேலை செய்தால் புளோவர் ரெசிஸ்டர் போயிருக்கும். காஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொனட்டைத் திறந்து வைத்து ஏசியைப் போடச் சொன்னால், பெல்ட்டில் ஓடும் பழைய வகைக் கொம்பிரசரில் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே இரண்டையும் முதலில் பாருங்கள். அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கச் செலவே இல்லை. கிளட்ச் இல்லாத கொம்பிரசர்களும் உண்டு, அவற்றில் இந்தச் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கிளட்ச் பிடிக்காதபோது பிரஷர் சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒன்றாக முடிந்து ஓடவிடுவது மோசமான வேலை. காஸ் குறைந்தாலும் கொம்பிரசரை நிறுத்திக் காப்பது அந்தச் சுவிட்ச்தான். கொம்பிரசருக்கு வேண்டிய ஒயில் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. காஸ் இல்லாமல் ஓடினால் ஒயிலும் வராது. கொம்பிரசர் இறுகி, உள்ளே உரசிய உலோகத்தூள் கண்டென்சர் வரை போய்விடும். இப்போதைய கண்டென்சர்களின் நுண்ணிய குழாய்களைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது. புதிது போட வேண்டும்.

அடுத்தது, எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்து "காஸ் ஃபுல்" என்பது. பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ காஸ் 30 பாகை வெப்பத்தில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 150 கிராம் இருந்தாலும், 450 கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை அதே எண்தான். ஓடும்போது தாழ் அழுத்தம், உயர் அழுத்தம் என இரு பக்கமும் பார்க்க வேண்டும். தாழ் பக்கம் 25 முதல் 40, உயர் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருந்தால் கொழும்பு வெயிலுக்குச் சரி. இதுவும் ஓர் அறிகுறிதான். சரியான அளவு தராசில்தான் தெரியும்: பொனட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் லேபிளில் காஸ் வகையும் கிராமும் எழுதியிருக்கும். "இன்னும் கொஞ்சம் போட்டா இன்னும் குளிரும்" என்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. கூடினால் உயர் பக்க அழுத்தம் ஏறி, குளிர் குறையும்.

குழாயைத் திறந்தபின் வேக்கம் இழுக்காமல், அதாவது உள்ளே புகுந்த காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், காஸ் அடிப்பதும் நடக்கிறது. நம் காற்றில் ஈரம் அதிகம். அது உள்ளே தங்கினால் காஸ் கொயிலுக்குள் போகும் குறுகிய வாயான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறையும், நாளடைவில் உலோகத்தை அரிக்கும். பம்பை அரை மணிநேரமாவது ஓடவிட்டு, வால்வை மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் ஏறினால் ஒழுக்கு இன்னும் இருக்கிறது. ஒழுக்குத் தேட நைட்ரஜன் பாவிக்கலாம். டயருக்கு அடிக்கும் காற்று வேண்டாம். ஆர்-134ஏ அழுத்தமான காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கும் நிலை வரலாம். மூட்டுகளில் தூசியோடு ஒட்டிய ஒயில் கறை தெரிந்தால் அங்கேதான் முதலில் சோப்பு நுரை தடவ வேண்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் கார்களில் கண்டென்சரின் கீழ் மூலைகளையும் பாருங்கள், உப்புக் காற்று தகடுகளைத் தின்றிருக்கும். கூலிங் கொயிலில் ஒழுக்கு என்று டாஷ்போர்டைக் கழற்றச் சொல்லும் முன், கொயில் தண்ணீர் வடியும் குழாய் வாயில் காஸ் டிடெக்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அவற்றின் கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை. உயர் மின்னழுத்த மோட்டார் உள்ளேயே, ஒயிலில் நனைந்தபடி இருக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஈ வகை ஒயில், டென்சோவின் என்டி-11 போன்றது, மட்டும்தான். வழமையான பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்புக் கெட்டு, கார் பிழைக்குறி காட்டும். மற்றக் கார்களுக்குப் பாவித்த ஹோஸில் மிஞ்சியிருக்கும் ஒயிலே போதும் கெடுக்க. உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயரைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

பஞ்சிகாவத்தையில் பழைய கொம்பிரசர் வாங்கினால், வாய்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, ஒயிலை வெள்ளைக் கடதாசியில் ஊற்றிப் பாருங்கள். கறுப்பாகவோ மினுங்கும் தூளோடோ இருந்தால் வைத்துவிட்டு வரலாம். கொம்பிரசர் மாற்றும்போது ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாக இருக்க வேண்டும்.

ஒழுக்கை அடைக்கும் பசை டின்களை வாங்காதீர்கள்; அவை வால்வையும் கராஜின் மெஷினையும் சேர்த்தே அடைக்கும்.

பில்லில் இரண்டு எண்கள் கேளுங்கள்: எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் போட்டார்கள். லேபிளில் 450 இருக்க, வெளியே எடுத்தது 430 என்றால் காரின் நோய் காஸ் இல்லை.